திரும்பி நடப்பது கோழைமையா?

மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒரு வேற்றுமை உண்டு. மலை தன் விலையை முதலிலேயே கேட்டுவிடுகிறது. அடிவாரத்தில் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்துக்குள் மூச்சு வாங்குகிறது, கால் தளர்கிறது. இயலாதவர் அங்கேயே சற்று அமர்ந்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கோ இதற்கு நேர்மாறானது. அது முதலில் இறக்கத்தை இலவசமாகத் தருகிறது. உடல் களைக்காத காலை நேரத்தில், உள்ளம் மகிழ்ந்திருக்கும் வேளையில், பாதை தானாகவே நம்மைக் கீழே அழைத்துச் செல்கிறது. தன் விலையை அது கடைசியில் கேட்கிறது. நண்பகல் வெயிலில், நீர்க்குப்பி பாதி வெறுமையான பின்னர், ஏற வேண்டிய உயரம் முழுவதும் தலைக்கு மேல் எழுந்து நிற்கும்போது கேட்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு பாறைகளை அறுத்து உண்டாக்கிய கிராண்ட் கேன்யன் என்னும் பள்ளத்தாக்கு இத்தகையது. அதன் நீளம் 446 கி.மீ.; அகலம் சில இடங்களில் 29 கி.மீ.; ஆழம் ஏறத்தாழ 1.6 கி.மீ. 1919-ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்காவாகப் பேணப்பட்டு வருகிறது. அதனுள் இறங்கும் பாதைகளைக் குறித்துப் பூங்காக் காவலர் கூறும் அறிவுரைகளைச் சேர்த்து நோக்கின், அவை அறநூல் ஒன்றின் அதிகாரம்போல் அமைந்திருக்கக் காண்கிறோம். அவற்றின் நடுவே ஒரு கேள்வி நிற்கிறது. எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுத் திரும்பி நடப்பது கோழைமையா? கடவுளை நம்புகிறவன் ஆபத்தைக் கணக்கிட்டு நடப்பது நம்பிக்கைக் குறைவாகுமா? இவற்றை அப்பாதையில் வைத்தே சிந்தித்துப் பார்ப்போம்.

இறங்கும் வழி

தெற்கு விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதைகளுள் பெயர்பெற்றவை இரண்டு. முதலாவது பிரைட் ஏஞ்சல் பாதை. ஹவாசுப்பாய் என்னும் தொல்குடி மக்கள் நெடுங்காலம் நடந்த தடத்தின்மேல் அது அமைந்தது. ஆற்றங்கரை முகாம் வரை ஏறக்குறைய 15 கி.மீ. நீளமுள்ளது. பாதி வழியில், நீரூற்றும் நிழல் மரங்களும் உள்ள ஹவாசுப்பாய் தோட்டம் என்னும் இடம் இருக்கிறது. இரண்டாவது தெற்குக் கைபாப் பாதை. 1924-25-ஆம் ஆண்டுகளில் பூங்கா நிர்வாகம் அதனைப் பாறை முகட்டின்மீது வகுத்தது. ஏறத்தாழ 11 கி.மீ. தூரத்துக்குள் அது 1,400 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. விளிம்பை விட்டபின் ஆற்றைக் கடக்கும்வரை குடிக்க நீர் இல்லை, நிழலும் அரிது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு புறம் பாறைச்சுவர். மறுபுறம் வெறும் வெளி.

தொடக்கத்தில் வெயில் கடுமையாகத் தோன்றுவதில்லை. விளிம்பு கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கோடையிலும் அங்கே பைன் மரங்களினூடே குளிர்ந்த காற்று வீசும். ஆனால் இறங்க இறங்க வெப்பம் ஏறுகிறது. விளிம்பில் 28 டிகிரி இருக்கும் அதே பகலில் ஆற்றங்கரை நிழலில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. விளிம்பில் நின்று நாம் போடும் கணக்கு விளிம்பின் வெப்பத்தை வைத்துப் போட்ட கணக்கு. அதைத் தீர்க்க வேண்டிய இடமோ வேறு. மேலும், வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்குவதற்குள் உலர்ந்துவிடுகிறது. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் நீர் உடலை விட்டு வெளியேறக்கூடும். தோல் காய்ந்திருப்பதால் நமக்கு வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம்.

தாகத்துக்கு நீரை மட்டும் குடித்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. உணவின்றி நீரை மட்டும் அளவுக்கு மீறிப் பருகினால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து, மயக்கமும் மனக்குழப்பமும் உண்டாகி, மூளை வீங்கி, உயிருக்கே கேடு நேரலாம். நல்லதொரு பொருளும் தனித்து நின்றால் நஞ்சாவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே அங்கே வழங்கும் விதிகள் எளியவை. ஒரு மணி நேரம் இறங்கினால் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்ப வேண்டும். உப்புள்ள தின்பண்டங்களைச் சிறிது சிறிதாக உண்ண வேண்டும். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் ஏறலாகாது. ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏறிவர முயலலாகாது. தொப்பியையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு நடப்பது நலம். இவற்றைப் பள்ளிச் சிறுவனும் மனப்பாடம் செய்துவிடுவான். ஆயினும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் அங்கே மீட்புப் பணியாளரின் கைகளை நாட நேர்கிறது. அவர்களுள் இளைஞரும் உடல்வலிமை மிக்கோரும் பலர். வலிமை குன்றியவரை அவரது அச்சமே காத்துவிடுகிறது. வலிமை உள்ளவருக்கு அந்தக் காவல் இல்லை.

மேலிருந்து பார்த்த கண்

1540-ஆம் ஆண்டில் கொரொனாடோவின் படையைச் சேர்ந்த கார்சியா லோபெஸ் தெ கார்தெனாஸ் என்பவர், ஹோப்பி மக்கள் வழிகாட்ட, இப்பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பியர் அதனைக் கண்டது அதுவே முதல் முறை. கீழே தெரிந்த ஆறு அவர்களுக்கு ஓர் ஆள் உயர அகலமே உள்ள ஓடைபோல் தோன்றியது. உடல் இலகுவான மூவர் அதற்கு இறங்கிச் செல்ல முற்பட்டனர். அன்று மாலை நான்கு மணியளவில் அவர்கள் திரும்பி வந்தனர். மூன்றில் ஒரு பங்கு தூரமே இறங்க முடிந்ததென்றும், மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள் செவில் நகரப் பேராலயத்தின் கோபுரத்தைவிட உயர்ந்தவை என்றும் கூறினர். அப்படையோடு சென்ற காஸ்தனியேதா என்பவர் இச்செய்தியை எழுதி வைத்துள்ளார்.

அம்மூவரும் ஆற்றை அடையவில்லை. எனினும் மேலே நின்ற எவருக்கும் தெரியாத ஓர் உண்மையை அவர்களே கொண்டுவந்தனர். மேலிருந்து பார்க்கும் கண் அளவை அறியாது என்பதே அவ்வுண்மை. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டும் உரியதன்று. அம்மூவரும் உயிரோடு திரும்பியமையால்தான் அவர்கள் கண்டது மற்றவர்க்குப் பயன்பட்டது.

வழிகாட்டிய ஹோப்பி மக்களுக்கு அப்பள்ளத்தாக்கு புதியதன்று. உப்பு எடுப்பதற்காக அதனுள் இறங்கிச் செல்வது அவர்களுடைய சமய மரபில் ஒரு திருப்பயணமாகவே இருந்துவந்தது. ஹவாசுப்பாய் மக்களோ அதனுள்ளேயே பயிரிட்டு வாழ்ந்தவர்கள். 1776-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கு சபைத் துறவியான பிரான்சிஸ்கோ கார்சேஸ், அம்மக்களுள் சிலர் துணைவர அவர்களுடைய ஊருக்கு இறங்கிச் சென்று அங்கே சில நாட்கள் விருந்தினராகத் தங்கினார். படையினர் திரும்பிய நிலத்தில் துறவி இறங்க முடிந்ததற்குக் காரணம் அவரது கால்வலிமையன்று. வழி தெரிந்தவரை முன்னே நடக்கவிட்டு அவர் பின்னே நடந்தார். விவேகத்தின் உறுப்புகளை வகுத்துரைக்கும் புனித தோமா அக்குவினார், கற்றுக்கொள்ள இணங்கும் பணிவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது இதனாலேயே போலும். தனியொருவன் எல்லாவற்றையும் தானே பட்டறிந்து முடிக்க வாழ்நாள் போதாது. முதியோரிடமும் அனுபவம் உடையோரிடமும் கேட்டு நடப்பதே அறிவு.

இதில் நாம் நாணத்தோடு நினைக்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. பாதி வழியிலுள்ள அந்தத் தோட்டத்தில் பயிரிட்டு வாழ்ந்த ஹவாசுப்பாய் மக்களுள் கடைசியாக எஞ்சியிருந்தோர் 1928-இல் வெளியேற்றப்பட்டனர். அவர்களது பெயர் அவ்விடத்துக்குச் சூட்டப்பட்டது 2022-இல்தான். வழி அறிந்தவர்களை வெளியேற்றிய பின் வழிகாட்டிப் பலகைகளை நட்டோம். உலகெங்கும் நடந்துவரும் கதையே இது.

நம்பிக்கையும் சோதித்தலும்

இனி நம் கேள்விக்கு வருவோம். கடவுள் காப்பார் என்று நம்பி இறங்குவதில் தவறென்ன? இக்கேள்விக்கு நற்செய்தியே விடை தருகிறது. பாலைநிலத்தில் நோன்பிருந்த நம் ஆண்டவரை அலகை கோவிலின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்னது. கால் கல்லில் மோதாதபடி வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று திருப்பாடலையே எடுத்துக்காட்டியது. சொல்லப்பட்டது மறைநூலின் வாக்கு. அதைக் கேட்டவரோ அதற்கு முழுமையாக உரியவர். ஆயினும் அவர் மறுத்தார். இறைவனைச் சோதிக்கலாகாது என்பதே அவர் காட்டிய காரணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, தந்தையின்மீது அவருக்கு இருந்த நம்பிக்கை குறைவானதன்று. கெத்சமனியில் அவர் உயிரையே தந்தையின் கையில் வைத்தார். ஆனால் அங்கே தந்தையின் திருவுளம் அவரை அழைத்தது. கோவில் உச்சியிலோ அழைத்தவர் வேறு. ஆபத்தில் கடவுளை நம்புவது ஒன்று. கடவுள் வந்தே ஆகவேண்டும் என்பதற்காக ஆபத்தை நாமே உண்டாக்கிக்கொள்வது வேறொன்று. புனித அக்குவினார் இதனைத் தெளிவாக விளக்குகிறார். தன்னால் செய்ய இயன்றதைச் செய்யாமல் விட்டுவிட்டு இறைவனின் உதவியை மட்டும் எதிர்நோக்குபவன் இறைவனைச் சோதிப்பவன் ஆகிறான். ஒரு குப்பி நீரோடு நண்பகலில் பாலைப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டுச் செபமாலையைக் கையில் எடுப்பவருடைய செபம் செவிமடுக்கப்படாது என்று நாம் சொல்லவில்லை. இறைவன் இரக்கமுள்ளவர். ஆனால் அச்செபத்தின் முதல் பகுதி விளிம்பிலேயே, நீர்க்குப்பிகளை நிரப்பும்போதே தொடங்கியிருக்க வேண்டும்.

இறைவாக்கினர் எலியாவின் பாலைப்பயணத்தை நினைத்துப் பார்ப்போம். சூரைச் செடியின் அடியில் சோர்ந்து படுத்தவரை வானதூதர் தட்டி எழுப்பினார். அவர் எலியாவைத் தூக்கிக்கொண்டு ஒரேப் மலைக்குப் பறந்துவிடவில்லை. அப்பத்தையும் நீரையும் தலைமாட்டில் வைத்து, உண்ணச் சொன்னார். மீண்டும் உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி, வழி நெடியது என்று சொல்லி இரண்டாம் முறையும் உண்ணச் சொன்னார். அதன் பின்னரே நடை தொடங்கியது. இறைவன் அனுப்பிய தூதரே பயணியின் களைப்பையும் பசியையும் தூக்கத்தையும் கணக்கில் கொண்டார் என்றால், அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் நடப்பதை நாம் விசுவாசம் என்று அழைக்கலாமா?

துணிவு எது?

ஞான நூல் நற்பண்புகளுள் நான்கை ஒன்றுசேர்த்துச் சொல்கிறது. தன்னடக்கம், விவேகம், நீதி, துணிவு என்பவை அவை. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குப் பகையாக இருக்க முடியாது. ஆகவே விவேகமற்ற துணிவு என்பது துணிவே அன்று; வேறு பெயரால் அழைக்கப்பட வேண்டிய ஒன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அசட்டுத் துணிச்சல் உடையவரைப் பற்றி நுட்பமான ஒன்றைக் கூறுகிறார். ஆபத்து வருமுன் அவர்கள் முந்திக்கொண்டு நிற்பர். ஆபத்தின் நடுவிலோ பின்வாங்குவர். இறக்கத்தில் ஓடி, ஏற்றத்தில் சரிந்து விழுவோரின் வடிவம் இதுவே. புனித அக்குவினாரும் துணிவின் தலையாய செயல் பாய்ந்து தாக்குவதன்று, தாங்கி நிற்பதே என்கிறார். வள்ளுவரும் அறிவுடைமையைப் பேசுமிடத்தில், அஞ்சத் தக்கவற்றுக்கு அஞ்சுவதை அறிவாளர் செயலாகவே கொண்டார். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், விவேகத்தை அச்சத்தோடும் தயக்கத்தோடும் குழப்பிக்கொள்ளலாகாது என எச்சரிக்கிறது.

அப்படியானால் கலப்பையில் கைவைத்தவன் திரும்பிப் பார்க்கலாகாது என்று ஆண்டவர் சொன்னது எதற்காக? மறைசாட்சியர் ஒருவரும் பாதியில் திரும்பவில்லையே என்று சிலர் வினவலாம். நேர்மையான வினாதான். விடை, எதற்காகச் செல்கிறோம் என்பதில் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில், அதே வெயிலில், மற்றொருவரும் இறங்குகிறார். அவர் மீட்புப் பணியாளர். கீழே ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்னும் செய்தி வந்தால், பிறர் இறங்கலாகாத நேரத்திலும் அவர் இறங்க நேர்கிறது. வெப்பக் காற்றின் அடர்த்தி குறைவதால் ஹெலிகாப்டருக்கும் அங்கே தூக்குவிசை குறைகிறது. ஆகவே அதில் செல்வோருக்கும் ஆபத்து உண்டு. முன்னவர் தம் பெருமைக்காக எடுத்த ஆபத்தைப் பின்னவர் அன்பின் பொருட்டு ஏற்கிறார். வெளித்தோற்றத்தில் இருவர் செயலும் ஒன்றே. அறத்தின் தராசிலோ அவை எதிரெதிர்த் தட்டுகளில் நிற்கின்றன. ஆண்டவர் திரும்ப வேண்டாம் என்றது அன்பின் பாதையிலிருந்தே. நம் பெருமிதத்தின் பாதையிலிருந்து திரும்பக் கூடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மாறாக, பதினாயிரம் வீரரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்கப் புறப்படும் அரசன் முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பானே என்று அவரே உவமை கூறினார்.

மீட்புப் பணியாளரும் வெறும் கையோடு இறங்குவதில்லை. நீரும் உப்பும் மருந்தும் பயிற்சியும் கொண்டே இறங்குகிறார். அன்பு விவேகத்தை விலக்கிவிடுவதில்லை. அதைக் கருவியாகக் கொள்கிறது. வழியில் விழுந்தவரைக் காணும்போது நாம் செய்ய வேண்டியது உதவியே. இத்தகைய கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டுவதன்று. எரிகோவுக்கு இறங்கிய வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து, தனியே ஏன் வந்தாய் என்று நல்ல சமாரியன் கேட்கவில்லை. எச்சரிக்கை விளிம்பில் சொல்ல வேண்டிய சொல். இந்த உண்மையை உணர்ந்தே அப்பூங்காவில் காவலரும் தொண்டரும் பாதையின் முகப்பிலும் வழியிலும் நின்று, எங்கே செல்கிறீர்கள், எவ்வளவு நீர் இருக்கிறது, உண்ண என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கனிவோடு கேட்கின்றனர். அறியாதவர்க்கு அறிவு புகட்டுவதையும் ஐயமுற்றவர்க்கு ஆலோசனை கூறுவதையும் இரக்கச் செயல்களாக நமக்குக் கற்பித்த திருச்சபைக்கு இப்பணியின் சிறப்பு நன்கு விளங்கும்.

விளிம்பிலேயே செய்யும் தீர்மானம்

வெப்பத்தாக்கின் கொடுமை ஒன்று உண்டு. உடலின் வெப்பம் 40 டிகிரியை மீறும்போது முதலில் கெடுவனவற்றுள் ஒன்று அறிவு. திரும்ப வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியே நோயாளி ஆகிவிடுகிறார். இன்னும் கொஞ்சம், அடுத்த வளைவு வரை, அந்தப் பாறை வரை என்று அவர் தீர்ப்பளித்துக்கொண்டே இருப்பார். ஆகவே திரும்பும் இடத்தையும் நேரத்தையும் விளிம்பில் நிற்கும்போதே, உடல் குளிர்ந்தும் உள்ளம் தெளிந்தும் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பின்னர் எவ்வளவு நலமாக உணர்ந்தாலும் அம்முடிவை மாற்றலாகாது. நலமாக உணரும்போதே திரும்புவதுதான் முழு நுட்பமும். களைத்தபின் திரும்ப எண்ணுபவர் ஏற்கனவே காலம் கடந்துவிட்டார்.

நம் ஆன்மீக மரபும் இதை அறியும். நோன்பு நாளை நாம் பசியைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. திருமண வாக்குறுதியை அன்றன்றைய மனநிலைக்கு விட்டுவைப்பதில்லை. தெளிந்த வேளையில் செய்த தீர்மானம், தெளிவற்ற வேளையில் நமக்குக் கைத்தடி ஆகிறது. இரவுதோறும் மனச்சான்றைச் சோதித்துப் பார்ப்பது, எவ்வளவு தூரம் இறங்கியுள்ளோம், கையில் எவ்வளவு நீர் மீந்துள்ளது என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

வாழ்விலும் பள்ளத்தாக்கின் வடிவில் அமைந்தவை எத்தனை! மகளின் திருமணத்தை ஊர் மெச்ச நடத்த வேண்டுமென்று வாங்கிய முதல் கடன் எளிதாகக் கிடைக்கிறது. நண்பரோடு அருந்திய முதல் குவளை மகிழ்ச்சி தருகிறது. கணக்கில் எழுதிய முதல் பொய் எவர் கண்ணிலும் படவில்லை. இவையெல்லாம் இறக்கங்கள். ஏற வேண்டிய நாளில், வட்டியும் நோயும் அவமானமும் உச்சி வெயிலாகக் காயும். அந்தத் தந்தை பாதி வழியில் நின்று, இவ்வளவு போதும், நம் சக்திக்கு ஏற்ற திருமணம் இதுதான் என்று உறவினர் முன்னிலையில் சொல்வாராயின், அதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அதனை எவரும் துணிவு என்று அழைப்பதில்லை. திரும்பி நடப்பவருக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை என்பதே திரும்புவதை இவ்வளவு அரிதாக்குகிறது.

ஏறுவோருக்கு வழி

அப்பாதைகளில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குவோரும் ஏறுவோரும் எதிர்ப்பட்டால், ஏறுவோருக்கே வழிவிட வேண்டும். கோவேறு கழுதைகள் வரிசையாக வரும்போது, எவராயினும் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் பாறையின் பக்கம் ஒதுங்கி, அசையாமல் நின்று, அவற்றை நடத்திவருவோரின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும். ஏற்றத்தில் இருப்பவரின் மூச்சு விலைமதிப்பற்றது என்னும் அறிவு முதல் வழக்கத்தில் இருக்கிறது. திருந்தி எழ முயல்பவர், கடனை அடைக்கப் பாடுபடுபவர், குடியை விட்டு ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருப்பவர் நம் எதிரே வரும்போது, நாம் ஒதுங்கி நின்று வழிவிடுகிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டாக நடப்போருக்கும் ஒரு கடமை உண்டு. குழுவின் வேகம் அதில் மிகத் தளர்ந்தவரின் வேகமே. ஒருவருக்குத் தலை சுற்றினால் எல்லோரும் நிற்க வேண்டும். ஒருவர் திரும்பினால் அவரைத் தனியே அனுப்பலாகாது. ஆனால் நடைமுறையில் நிகழ்வது யாது? தளர்ந்தவர் தம்மால் மற்றவரின் மகிழ்ச்சி கெடக்கூடாதென்று வாய் திறவாமல் நடக்கிறார். மற்றவரோ அவர் ஒன்றும் சொல்லாததால் நலமாக இருப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். இவ்வாறு நன்மனம் படைத்த பலர் சேர்ந்து ஒருவரை ஆபத்துக்குள் அழைத்துச் செல்கின்றனர். நான் திரும்ப விரும்புகிறேன் என்று எவரும் வெட்கமின்றிச் சொல்லக்கூடிய குழுவே பாதுகாப்பான குழு. நம் குடும்பங்களும் அன்பியங்களும் அத்தகையனவா?

உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள் என்று மறைக்கல்வி நூல் கூறுகிறது. வேக மோகத்தால் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் பெருங்குற்றம் செய்கின்றனர் என்றும் அது எச்சரிக்கிறது. நம் உயிர் நம்முடையது மட்டுமன்று. வீட்டில் காத்திருப்போருக்கும், நம்மைத் தேடி இறங்கவிருக்கும் முகமறியாத ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு.

படிகளை வெட்டிய இருவர்

முடிவாக, கார்சேஸ் இறங்கிய அதே 1776-ஆம் ஆண்டின் மற்றொரு பயணத்தைச் சொல்ல வேண்டும். தொமிங்கெஸ், எஸ்கலாந்தே என்னும் பிரான்சிஸ்கு சபைக் குருக்கள் இருவர், சாந்தா ஃபே நகரிலிருந்து கலிபோர்னியாவின் மொந்தெரே நகருக்கு வழி காண ஒரு சிறு குழுவோடு ஜூலை 29-ஆம் நாள் புறப்பட்டனர். அக்டோபர் தொடக்கத்தில் பனி பொழிந்தது, உணவு குறைந்தது, செல்ல வேண்டிய தூரமோ நீண்டு கிடந்தது. திரும்புவதே தக்கது எனக் குருக்கள் முடிவு செய்தனர். குழுவினர் சிலர் முணுமுணுத்தனர். மனக்கசப்பு வளரவே, அக்டோபர் 11-ஆம் நாள் செபமாலையின் ஒரு பகுதியையும் மனத்துயர்த் திருப்பாடல்களையும் சொல்லிவிட்டுச் சீட்டுப் போட்டுப் பார்த்தனர். சீட்டும் திரும்பும்படியே விழுந்தது. அனைவரும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

திரும்பும் வழியும் எளிதாக இல்லை. கொலராடோ ஆற்றின் செங்குத்தான கரைகள் அவர்களை மறித்தன. கடக்கும் இடம் தேடிப் பல நாட்கள் அலைந்தனர். குதிரைகளைக் கொன்று உண்ண நேர்ந்தது. இறுதியில் நவம்பர் 7-ஆம் நாள் ஒரு பாறை ஓடையின் வழியே ஆற்றுக்கு இறங்கினர். விலங்குகள் வழுக்கி விழாதபடி சில முழ தூரத்துக்குக் கோடரியால் பாறையில் படிகளை வெட்டினர். ஆற்றைக் கடந்து, 1777 ஜனவரி 2-ஆம் நாள் சாந்தா ஃபே வந்து சேர்ந்தனர். தேடிச் சென்ற வழியை அவர்கள் காணவில்லை. ஆனால் அவர்களது நாட்குறிப்பும், உடன் சென்றவர் வரைந்த நிலப்படமும் பின்வந்தோருக்கு அந்நிலத்தை முதன்முதலாக அறிவித்தன. குருக்கள் கடந்த துறை என்றே அவ்விடம் பெயர்பெற்றது. 1963 முதல் தேங்கத் தொடங்கிய பவல் ஏரியின் நீர் இன்று அதனை மூடியிருக்கிறது.

அந்தக் குருக்கள் கோழைகளா? அவர்கள் அடையாத மொந்தெரேயை வைத்து அவர்களை அளந்தால் தோற்றவர்களே. அவர்கள் தம்மோடு அழைத்துச் சென்றோரின் உயிரையும், பாறையில் காலூன்றத் தவித்த விலங்குகளையும் நினைத்துக் கோடரி எடுத்ததை வைத்து அளந்தால், வேறொரு விடை கிடைக்கிறது. திரும்புவது என்று முடிவு செய்த பின்னரும் அவர்களுக்கு வேலை இருந்தது. பொறுமையும் உழைப்பும் செபமும் வேண்டியிருந்தன. மனந்திரும்புதல் என்னும் சொல்லைத் தவக்காலந்தோறும் கேட்கிறோம். அச்சொல்லின் உள்ளேயே திரும்புதல் இருக்கிறது. ஊதாரி மகன் தந்தையின் வீட்டை அடைந்ததும் திரும்பி நடந்தே அன்றோ?

நாமும் ஏதோ ஒரு பாதையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். இறங்குவது தவறன்று, ஆற்றின் அழகைக் காண விரும்புவதும் பாவமன்று. அதைப் படைத்தவர் அதைக் காணக் கண்ணும் தந்திருக்கிறார். ஆனால் அடுத்த வளைவில் சற்று நின்று, நீர் எவ்வளவு மீந்துள்ளது என்று பார்ப்போம். உடன் வருபவரின் முகத்தையும் பார்ப்போம். நேரமாகிவிட்டது என்று தோன்றினால், கால்களில் இன்னும் வலிமை இருக்கும்போதே திரும்புவோம். ஏற்றம் முழுவதும் தாங்கி நடக்க இறைவன் துணைபுரிவாராக.